அழகியநம்பியின் தொண்டைக்கட்டு

பெரியாஸ்பத்திரிக்குப் புதிதாக ஒரு காது டாக்டர் வந்திருக்கிறாராம். காதைப் பார்ப்பாராம், மருந்தும் விடுவாராம். ஆனால் ஆபீசுக்குத் திரும்பிப் போகிற சீட்டில் காது என்ற வார்த்தையையே எழுதமாட்டாராம். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் அழகியநம்பிக்குப் பக்கத்து நாற்காலியில் வேலை பார்த்த ராகேல் இதைச் சொன்னாள். அவளுக்குச் சொன்னவள் அவள் சித்தி மகள் ரோஸ். ரோஸ் அந்த ஆஸ்பத்திரியில்தான் நர்ஸ், ஆனால் பிரசவ வார்டில். ஆக, அவளும் அதை நேரில் கண்டவள் இல்லை.

"நெசந்தானா?" என்றார் அழகியநம்பி.

"நான் கண்டேனா சாரே? கேட்டதைச் சொல்லுதேன். கேக்கிறதுக்குத்தானே நமக்குச் சம்பளம்" என்ற ராகேல், சொன்ன வேகத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவருடைய காதைப் பற்றி அந்த அறையில் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

அழகியநம்பி திருக்குறுங்குடிப் பக்கத்துக்காரர். ஊரில் தமிழ்ப் பள்ளிக்கூடம், நாகர்கோவிலில் இங்கிலீஷ் ஹைஸ்கூல் என்று படித்துவிட்டு, யுத்தத்துக்கு முன்பே மாமன் ஒருவர் சிபாரிசில் திருவனந்தபுரம் வந்து டெலிபோன் போர்டின் முன் உட்கார்ந்தவர், பிறகு எழுந்திருக்கவில்லை. ஊரும் அவரை விட்டது, அவரும் ஊரை விட்டார். சாலைக் கடைத்தெருவின் மொத்த வியாபாரிகளுக்கெல்லாம் அவர் குரல் தெரியும், முகம் தெரியாது. மிளகு மண்டியில் போய் நின்றால் யாரும் ஏறிட்டுப் பார்க்கமாட்டார்கள். வாயைத் திறந்து கால்படி கடுகு என்று கேட்டதும், "அட, நம்ம ட்ரங்க் நம்பியா வே! உள்ள வாரும்" என்று முதலாளியே எழுந்து வருவார். கண்ணாடி மணி போன்ற குரல். ஒரு எண்ணை இரண்டாம் தடவை சொல்ல வேண்டி வராத குரல்.

ஆனால் வேலை குரலால் மட்டும் நடப்பதில்லை. ஆபரேட்டர்கள் தலையில் மாட்டும் வளையத்துக்கு ஒரே ஒரு ரிசீவர்தான் உண்டு. ஒரு காது கம்பிக்கு, மற்றக் காது அறைக்கு. பின்னால் உலாத்துகிற சூப்பர்வைசர் கூப்பிடுவதையும், பக்கத்து நாற்காலிக்காரி "கொச்சி லைன் உங்ககிட்ட காலியா?" என்று கேட்பதையும் அந்த மற்றக் காதுதான் பிடிக்க வேண்டும். அழகியநம்பிக்குச் சின்ன வயதிலேயே இடது காதில் சீழ் வடியும். மழைக்காலம் வந்தால் வரும், வெயில் வந்தால் நிற்கும். இப்போது நிற்பதில்லை. அந்தக் காதில் ரிசீவரை வைத்தால் மனிதர்கள் போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருந்தது. யாரும் பார்க்காமல் வலது காதுக்கு மாற்றிக்கொண்டார். கம்பி திரும்பக் கிடைத்தது, அறை போய்விட்டது. ராகேல் பேச வேண்டுமானால் பென்சிலால் போர்டின் மரவிளிம்பைத் தட்டுவாள். அந்த அதிர்வு அவர் முழங்கைக்கு வந்து சேரும். அப்படியே ஒரு வருஷத்துக்குமேல் ஓட்டியாகிவிட்டது. காதில் பஞ்சு வைத்தால் தெரிந்துவிடும் என்று வைப்பதில்லை. தலையணை உறையை அவர் மனைவி சிவகாமியம்மாள் தினமும் தனியாகத் துவைத்துப் பின்கட்டில் உலர்த்தினாள்.

வைத்தியத்துக்கு வழி இல்லாமல் இல்லை. வழிதான் பயமாக இருந்தது. எக்ஸ்சேஞ்ச் திருவிதாங்கூர் சர்க்காரின் கையில் இருந்த காலத்தில், சர்க்கார் ஊழியன் என்று சொன்னால் போதும், ஆஸ்பத்திரி வராந்தாவில் போய் உட்கார்ந்துவிடலாம். டெல்லி சர்க்காரின் கைக்குப் போனபிறகு அதற்கு ஒரு முறை வந்தது. ஆபீசு டாக்டர் என்று ஒருவர் உண்டு. முதலில் அவரிடம் போக வேண்டும். அவர் பார்த்து, இன்ன நோய் என்று எழுதிச் சீட்டுக் கொடுத்தால்தான் பெரியாஸ்பத்திரியின் அந்தந்த டாக்டர் இனாமாகப் பார்ப்பார். என்ன பார்த்தார் என்று அவர் எழுதுகிற சீட்டும் ஆபீசுக்கே திரும்பி வரும். வேலைக்கு லாயக்கா இல்லையா என்று கையெழுத்துப் போடுகிறவரும் அதே ஆபீசு டாக்டர்தான்.

இரண்டு நாற்காலி தள்ளி இருந்த வேலப்பன் அப்படித்தான் போனான். கண் கொஞ்சம் மங்குகிறது என்று யோக்கியமாகப் போய்ச் சொன்னான். கண்ணுக்கு வைத்தியம் நன்றாகவே நடந்தது. வைத்தியம் முடிவதற்குள் வேலை முடிந்துவிட்டது. இப்போது கரமனையில் மைத்துனன் கடையில் ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கிறான்; கடைச் சாவியை அவனிடம் கொடுப்பதில்லை. தனியாக வைத்தியம் செய்துகொள்ளலாம் என்றால், ஊரில் தனியாகக் காது பார்க்கிற ஒரே டாக்டரின் வீட்டு வாசலில் கார்கள் நின்றன. அழகியநம்பி ஒரு தடவை அந்தக் கேட்டு வரைக்கும் போய்விட்டுத் திரும்பியிருக்கிறார்.

"ஆபீசு டாக்டர்கிட்ட காதுன்னு சொல்லாம அந்தப் புது டாக்டர்கிட்ட எப்படிப் போறது?" என்றார் ராகேலிடம்.

ராகேல் அதற்கும் பதில் வைத்திருந்தாள். "காது, மூக்கு, தொண்டை, மூணுக்கும் ஒரே டாக்டர் அல்லோ சாரே? எதைச் சொல்லிப் படி ஏறினா என்ன? தொண்டைன்னு சொல்லுங்க."

அதில் நியாயம் இருந்தது. தொண்டைக்கட்டு எக்ஸ்சேஞ்சில் கௌரவமான நோய். எல்லோர் மேசையிலும் பனங்கற்கண்டு டப்பா இருக்கும். தொண்டை போனதற்காக யாரையும் வீட்டுக்கு அனுப்பியதில்லை. நாலு நாள் லீவு கொடுத்து, வெந்நீர் குடி என்பார்கள்.

மறுநாளிலிருந்து அழகியநம்பி கரகரத்தார். 'நம்பர் ப்ளீஸ்' என்பது மரத்தை ராவுவதுபோல் வந்தது. சாலை வியாபாரிகள் பதறிப்போனார்கள். ஒருவர் கொல்லத்துக்குப் பேசுவதை விட்டுவிட்டு ஆடாதோடை இலைக்குப் பக்குவம் சொன்னார். எங்கே மறந்து பழைய குரலில் பேசிவிடுவோமோ என்று அழகியநம்பி வீட்டிலும் அப்படியே பேசினார். சிவகாமியம்மாள் இரண்டு நாள் பொறுத்தாள்.

"இங்கயும் எதுக்குக் கரகரங்கிய? இங்க யாரு உங்ககிட்ட நம்பர் கேக்கா?"

"பழகணும்லா."

"நல்லாப் பழகுங்க. காது போச்சு, வாயும் போயிட்டுன்னா நான் சுவத்தோட பேசிக்கிட்டுக் கிடக்கேன்."

சுக்கும் மிளகும் தட்டிப்போட்ட வெந்நீரை டம்ளர் அதிர வைத்துவிட்டுப் போனாள். இல்லாத நோய்க்கு வைத்த கஷாயத்தை அவர் மிச்சமில்லாமல் குடித்தார்.

ஆபீசு டாக்டர் கரண்டியால் நாக்கை அழுத்திப் பார்த்தார், தொண்டை அழற்சி என்று எழுதினார், சீட்டுக் கொடுத்தார். பெரியாஸ்பத்திரியின் நீளமான வராந்தாவில் காத்திருந்து, முறை வந்து, அழகியநம்பி உள்ளே போனார். டாக்டர் நாகேஸ்வரன் நெற்றியில் வட்டக் கண்ணாடி கட்டியிருந்தார். ஸ்ரீவராகத்து அக்ரஹாரத் தெருவில் வாடகைக்கு இருக்கிறார் என்று ரோஸ் சொல்லியிருந்தாள். சீட்டையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தொண்டைன்னு எழுதியிருக்கு. வாயைத் திறக்காம காதைத் திருப்பிக் காட்டறீரே?"

அழகியநம்பி குரலைத் தாழ்த்தி, கரகரப்பை விட்டுவிட்டு, விஷயத்தைச் சொன்னார். கேள்விப்பட்டதையும் சொன்னார்.

"நான் காதுன்னு எழுதமாட்டேன்னு யார் சொன்னா?"

"சொன்னாங்க ஸார்."

"போன மாசம் ஒருத்தருக்கு மூக்குல சதை வளர்ந்து காது அடைச்சிருந்தது. மூக்குன்னு எழுதினேன். மூக்குதான் வியாதி. அதுக்குள்ள ஊர்ல இப்படி ஒரு கதையா?" டாக்டர் சிரிக்கவில்லை. தட்டினால் ரீங்கரிக்கும் ஒரு இரும்புக் கவையை எடுத்து இடது காதின் பின்னால் கொண்டுபோனார். "கேக்கறதா?"

அழகியநம்பி தலையாட்டினார்.

"நன்னாக் கேக்கறதா?"

"கேக்கு ஸார்."

"நான் இன்னும் தட்டவே இல்லை ஓய்."

டாக்டர் கண்ணாடியை இறக்கி நெடுநேரம் காதுக்குள் பார்த்தார். துடைத்தார். மறுபடி பார்த்தார்.

"ஜவ்வுல பெரிய ஓட்டை. பின்னாடி எலும்பு அரிச்சிண்டு போறது. மருந்து விட்டுக் கொஞ்ச நாள் தள்ளலாம். ஆனா ஆபரேஷன் பண்ணிச் சுத்தம் பண்ணித்தான் ஆகணும். அன்னிக்குக் காதுன்னு எழுதாம முடியாது."

"பண்ணினா கேக்குமா ஸார்?"

"போனது போனதுதான். சீழ் நிக்கும். தலைக்குள்ள ஏறாது. பக்கத்துல இருக்கறவாளுக்கு நாறாம வேலை பாக்கலாம்."

அழகியநம்பி தலையைக் குனிந்துகொண்டார். அந்த நாற்றம் தனக்கு மட்டும்தான் தெரியும் என்று இதுவரை நினைத்திருந்தார். டாக்டர் சீட்டைப் பிரித்துப் பேனாவை எடுத்தார்.

"இப்போதைக்குத் தொண்டை வீங்கியிருக்குன்னு எழுதறேன். அது பொய் இல்லை. நீர் கரகரத்துக் கரகரத்து நிஜமாவே வீங்க வெச்சிருக்கீர். வாராவாரம் வாரும். ஆபரேஷனுக்கு எப்போ தைரியம் வரதோ அப்போ சொல்லும்."

புரட்டாசி முழுக்க அவர் வாராவாரம் போனார். டாக்டர் துடைத்தார், மருந்து விட்டார், தொண்டை என்று எழுதினார். தலையணை உறையில் கறை குறைந்தது. ஒருநாள் காலை சிவகாமியம்மாள் அதைத் துவைக்காமலே மடித்து வைத்தாள். அழகியநம்பிக்கு ஆபரேஷன் பயம்கூடச் சற்றுத் தெளிந்திருந்தது. தை மாதம் லீவு எடுத்து, வேறு ஏதாவது சொல்லி, எப்படியாவது செய்துகொண்டுவிடலாம் என்று கணக்குப் போட்டார்.

சீட்டுகள் ஆபீசுக்குப் போய்க்கொண்டிருந்தன. சூப்பர்வைசர் பிச்சுமணி அவற்றைப் படித்துக்கொண்டிருந்தார். கடுமையான மனிதர் அல்ல. அதுதான் வினையாகப் போயிற்று. வாரம் தவறாமல் தொண்டை, தொண்டை என்று வருகிற சீட்டைப் பார்த்துப் பார்த்து அவருக்கு மனசு கேட்கவில்லை. ஐப்பசி பிறந்து துலாவர்ஷ மழை இடித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், அழகியநம்பியைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, உட்காரச் சொல்லி, ஃபிளாஸ்கிலிருந்து வெந்நீர் ஊற்றிக் கொடுத்தார்.

"ஓய் நம்பி, உம்ம குரலை நினைச்சா எனக்கு ராத்திரி தூக்கம் வரதில்லை. எப்பேர்ப்பட்ட குரல்! ஒரு மாசமா இப்படித் தேய்ஞ்சு போறதே. மேலே எழுதி, உமக்கு ஒரு நல்ல காரியம் பண்ணியிருக்கேன்."

"என்ன ஸார்?"

"அப்சர்வேஷன் மேசை. அடுத்த வாரத்திலேர்ந்து நீர் அங்கே. தனி அறை. போர்டுல பேசற ஆபரேட்டர்கள் மரியாதையாப் பேசறாளா, சீக்கிரம் பதில் சொல்றாளான்னு கம்பியில கேட்டு எழுதறது. நீர் வாயே திறக்க வேண்டாம்." பிச்சுமணி அவர் கையைத் தட்டிக்கொடுத்தார். "பேசவே வேண்டாம் ஓய். கேட்டாப் போதும்."

அழகியநம்பி வெந்நீரைக் குடிக்காமல் மேசைமேல் வைத்தார்.

"இல்ல ஸார், தொண்டை இப்பம் தேவலை. போர்டுலயே இருந்துடுதேன்."

அவசரத்தில் அது பழைய குரலில் வந்துவிட்டது. பிச்சுமணியின் முகம் மலர்ந்தது.

"பாத்தீரா, சந்தோஷத்துல குரலே திரும்பிடுத்து! ரெஸ்ட் எடுத்தா முழுசா வந்துடும். மறுக்கப்படாது. ஒரே ஒரு சம்பிரதாயம் பாக்கி. கேக்கற மேசையோன்னோ, அதுக்குக் காது சோதனை ஒண்ணு உண்டு. திங்கக்கிழமை காலம்பற பெரியாஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துடும். உமக்குப் பழகின டாக்டர்தானே."

வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் ராகேல் பென்சிலால் மரவிளிம்பைத் தட்டினாள். அவர் சொன்னதைக் கேட்டு அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

"இனி நாங்க பேசுற தப்பெல்லாம் சாருதானா எழுதப் போறது?"

"ஆமா."

"அப்ப எங்களுக்குப் பயமே இல்லை."

அவளைத் தவிர வேறு யார் அதைச் சொல்லியிருந்தாலும் அன்றைக்கு அவர் எழுந்து போயிருப்பார். "சோதனை நாகேஸ்வரன் டாக்டர்கிட்டதான்" என்று மட்டும் சொன்னார். அதில்தான் மூச்சு வந்துகொண்டிருந்தது. பொய் எழுதமாட்டார், ஆனால் வழி சொல்வார். தொண்டை ஆறட்டும், சோதனையைத் தள்ளிப்போடுங்கள் என்று ஒரு வரி எழுதினால்கூடப் போதும். அதற்குள் ஆபரேஷனை முடித்துக்கொண்டு, பழைய நாற்காலியைக் கேட்டு வாங்கிவிடலாம்.

அந்த வாரத்தில்தான் ராஜ்யங்கள் மாறின. தெற்குத் தாலுக்காக்கள் மதராஸோடு போயின, மிச்சம் கேரளம் ஆயிற்று. ஊர்வலம் போயிற்று, வெடி வெடித்தது. தமிழ்க் குடும்பங்களில் சர்க்கார் வேலைக்காரர்கள் அங்கே போவதா இங்கே இருப்பதா என்று எழுதிக்கொடுத்துவிட்டு, பெட்டி கட்டுவதும் கட்டிய பெட்டியைப் பிரிப்பதுமாக இருந்தார்கள். "நீங்க போறியளா?" என்று தெருவில் பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்டார்கள். நான் டெல்லி சர்க்காரின் ஆள், என்னை எந்தக் கோடும் தொடாது என்று அழகியநம்பி சொல்லிக்கொண்டிருந்தார். அதில் ஒரு சின்னக் கர்வம்கூட அவருக்கு இருந்தது.

சனிக்கிழமை காலை, திங்கட்கிழமைக்கு முன்னால் டாக்டரைத் தனியாகப் பார்த்துப் பேசிவிட வேண்டும் என்று பெரியாஸ்பத்திரிக்குப் போனார். அறையில் வேறொருவர் இருந்தார். இளவயசு, மொடமொடவென்று கஞ்சி போட்ட சட்டை. எதிரில் உட்கார்ந்த நோயாளி ஒருவரிடம், "எழுதியிருக்கிற வியாதிக்கு மட்டுமே பார்ப்பேன். வேறே உண்டென்றால் வேறே சீட்டு" என்று மலையாளத்தில் சொல்வது அழகியநம்பியின் வலது காதில் விழுந்தது. அவர் வரிசையிலிருந்து விலகி, பிரசவ வார்டு வாசலில் போய் நின்று ரோஸைக் கூப்பிட்டார்.

"அறிஞ்சில்லையா சாரே?" என்றாள் ரோஸ். "நாகேஸ்வரன் சார் மதராஸுக்கு எழுதிக் கொடுத்திருந்தார். முந்தா நாள்தான் ஆர்டர் வந்தது. வீட்டைக்கூட ஒழிக்கல்லை, பெட்டியோட போயாச்சு. நாகர்கோவில் ஆஸ்பத்திரியில இருக்கார்."

"நான் அங்கே போனா பாப்பாரா?"

"பாப்பார். நல்ல மனுஷர். ஆனா உங்க சீட்டு அங்க எப்படிச் செல்லும்? அது இப்ப வேறே ராஜ்யம் அல்லோ." அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "அங்க ஆபீஸ் ரூம்ல போன் உண்டு. கேட்டுப் பாருங்க" என்றாள்.

எக்ஸ்சேஞ்சுக்கு வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. அழகியநம்பி இன்னும் யாரும் உட்காராத அப்சர்வேஷன் மேசையில் போய் உட்கார்ந்தார். கேட்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: சீட்டு இல்லாமல் வந்தால் பார்ப்பீர்களா? பார்க்கிறேன் என்று அவர் சொல்லிவிட்டால், இன்று சாயங்கால பஸ்ஸிலேயே ஏறிவிடலாம்; திங்கட்கிழமை ஆபீசுக்கு லீவு கேட்டு ஒரு தந்தி போகும். சொல்லாவிட்டால், திங்கட்கிழமை அந்தக் கஞ்சிச் சட்டைக்காரர் இரும்புக் கவையைத் தட்டுவார்.

கம்பியில் ராகேலிடம் எண்ணைச் சொன்னார். அவள் கம்பியைச் செருகினாள்.

"நாகர்கோவில் எக்ஸ்சேஞ்ச் கிடைச்சாச்சு சாரே. ஆஸ்பத்திரிக்குப் போடுதாங்க." பிறகு, "மணி அடிக்குது" என்றாள்.

அவர் ரிசீவரை வலது காதில் அழுத்திக்கொண்டார். அந்தப் பக்கம் மணி அடித்தது. ஆபீஸ் ரூம் வராந்தாவின் கோடியில் இருக்கலாம். டாக்டருக்குப் புது ஆஸ்பத்திரி, எந்த அறை யாருடையது என்று இன்னும் படிந்திருக்காது. யாராவது நடந்து வரவேண்டும். சனிக்கிழமை மத்தியானம், குமாஸ்தா சாப்பிடப் போயிருக்கலாம். மணி அடித்தது.

அறையின் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் பிச்சுமணி இவரைப் பார்த்துவிட்டு, முன்கூட்டியே வந்து மேசையில் பழகுகிறார் என்று நினைத்து, கையை உயர்த்திச் சபாஷ் போட்டார். அழகியநம்பியும் தலையசைத்தார்.

"எடுக்கல்லை சாரே. ரெண்டு ட்ரங்க் கால் காத்துக்கிட்டு இருக்கு. கட் பண்ணவா?"

"கொஞ்சம் பொறும்மா. வருவாக."

ராகேல் கம்பியைப் பிடுங்கவில்லை. காத்திருந்தவர்களிடம் லைன் கிடைக்கவில்லை என்று மரியாதையாகச் சொல்வது அவர் காதில் விழவில்லை. உதட்டசைவு மட்டும் தெரிந்தது. மழை இறங்கி அடித்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு, முதலில் என்ன சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் அடுக்கினார். ஸார், நான் திருவனந்தபுரத்திலேர்ந்து நம்பி. தொண்டை நம்பி. இல்லை, காது.

அந்தப் பக்கம் மணி அடித்துக்கொண்டிருந்தது.